பி.எஸ்ஸி. கணிதத்துக்குப் பிறகு பயன்பாட்டுப் புள்ளியியல் படிக்கலாமா?

பி.எஸ்ஸி. கணிதம் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள். எம்.எஸ்ஸி. பயன்பாட்டுப் புள்ளியியலுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறீர்கள். அதில் கணிதம் குறைவாக இருக்குமா, அதற்குப் பதில் டேட்டா சயின்ஸே படித்துவிடலாமா, முடித்தபின் வேலை எங்கே கிடைக்கும் என்று மூன்று சந்தேகங்கள். கூடவே, அலைடு பேப்பராகப் படித்த புள்ளியியல் வெறும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பதாகவே இருந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்றுக்கும் பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அலைடு பேப்பரில் எண்களைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பத்து மாணவர்களின் மதிப்பெண், ஒரு கடையின் ஐந்து வருட விற்பனை என்று ஒரு அட்டவணை இருக்கும். சராசரி எடு, திட்ட விலக்கம் எடு, ஒட்டுறவுக் கெழு எடு என்பார்கள். அந்த எண்களை யார் எடுத்தார்கள், எப்படி அளந்தார்கள், யாரையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்ற கேள்வியே வராது. பயன்பாட்டுப் புள்ளியியலின் பெரும்பகுதி அந்தக் கேள்விதான். இந்தப் பாடத்தைக் கற்பித்து வருகிறவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவதும் அதையே. எண் பிறக்கும் இடத்தில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் தயங்காமல் சேருங்கள். எண் கைக்கு வந்த பிறகு நடக்கும் கணக்கில் மட்டும்தான் ஆர்வம் என்றால் தூய கணிதமோ கணினி அறிவியலோ உங்களுக்கு இன்னும் நிறைவாக இருக்கும்.

எடுத்துக்காட்டு இல்லாமல் சொன்னால் இது பிடிபடாது. நெல் விளைச்சலை எடுத்துக்கொள்வோம்.

இந்த ஆண்டு ஹெக்டேருக்கு இத்தனை கிலோ நெல் விளைந்தது என்று அரசு அறிக்கையில் படிக்கிறோம். எல்லா வயலையும் யாரும் எடை போட்டுப் பார்க்க முடியாது. அதனால் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. கிராமங்களைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கிராமத்தில் நெல் நிற்கும் சர்வே எண்களில் சிலவற்றைச் சமவாய்ப்பு எண்களை வைத்து எடுப்பார்கள். வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நின்று, நீளவாட்டில் இத்தனை தப்படி, அகலவாட்டில் இத்தனை தப்படி என்று, கொடுக்கப்பட்ட எண் காட்டும் இடத்துக்கு நடந்து போய் முளை அடிக்க வேண்டும். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் பிடித்துக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். ஈரம் காய்ந்தபின் எடை எவ்வளவு குறைகிறது என்பதற்குச் சில இடங்களில் தனியாக ஒரு பரிசோதனை உண்டு.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தச் சதுரம் 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். சதுரத்தில் கிடைத்த எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். ஆக, சதுரத்தில் 100 கிராம் கூடிப்போனால் ஹெக்டேருக்கு 40 கிலோ கூடிவிடும்.

அந்த 100 கிராம் எங்கிருந்து கூடும்? கயிறு கட்டியாயிற்று. ஓரத்தில் ஒரு குத்து நெல் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறது. அறுக்கிறவர் கை அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் எதுவும் இருக்காது, கதிரை விட மனம் வராது, அவ்வளவுதான். சதுரம் சிறியதாக இருந்தால் இந்த ஓரத்துப் பிழை பெரிதாகும். 5 மீட்டர் சதுரத்தின் சுற்றளவு 20 மீட்டர், பரப்பு 25 சதுர மீட்டர். 1 மீட்டர் சதுரத்துக்குச் சுற்றளவு 4 மீட்டர், பரப்பு 1 சதுர மீட்டர்தான். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை மீட்டர் ஓரம் என்று பார்த்தால் முதலாவதில் 0.8, இரண்டாவதில் 4. ஐந்து மடங்கு.

1940-களில் இதை வைத்தே இந்தியாவில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் கல்கத்தாவில் தொடங்கிய பி.சி. மஹலனோபிஸ் வங்காளத்தில் சிறிய வெட்டுகளை நிறைய எடுக்கும் முறையைக் கையாண்டார். செலவு குறையும், இடங்களின் எண்ணிக்கை கூடும் என்பது அவர் பக்கத்து நியாயம். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பி.வி. சுகாத்மே, சிறிய வெட்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டுகின்றன என்று களத்திலேயே ஒப்பிட்டுக் காட்டி, பெரிய சதுரத்துக்காக வாதாடினார். இரண்டு பேருமே கணிதத்தில் கெட்டிக்காரர்கள். விவாதம் நடந்ததோ அரிவாள் பிடித்த கை ஓரத்தில் என்ன செய்கிறது என்பதைப் பற்றி.

எம்.எஸ்ஸி.யில் ஸாம்ப்ளிங், அதாவது கூறெடுப்பு என்ற பேப்பர் வரும். அடுக்குவாரிக் கூறெடுப்பு, கொத்துக் கூறெடுப்பு, விகித மதிப்பீடு எல்லாம் அதில் இருக்கும். எந்த அடுக்கிலிருந்து எத்தனை கூறு எடுப்பது என்று சொல்லும், 1934-இல் ஜெர்சி நெய்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் ஒதுக்கீட்டு முறையை நிறுவச் சொல்வார்கள். நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கும் கோஷி–ஸ்வார்ட்ஸ் சமனின்மையை வைத்து அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம், உங்களுக்குச் சிரமமே இருக்காது. ஆனால் அந்தப் பேப்பரில் உண்மையில் மனதில் பதிய வேண்டியது வேறு. 100 சதுரத்துக்குப் பதில் 400 சதுரம் எடுத்தால் திட்டப்பிழை பாதியாகும். ஓரத்துக் குத்தால் வந்த ஒருபக்கச் சாய்வு அப்படியே நிற்கும், நாலாயிரம் சதுரம் எடுத்தாலும் குறையாது. சூத்திரத்தில் தெரிகிற பிழை ஒன்று, சூத்திரத்தின் கண்ணில் படாத பிழை இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் நான் புள்ளியியலாளர் என்பேன்.

இது ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. 2016 முதல் நடக்கும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு பகுதியின் சராசரி விளைச்சல் உத்தரவாத அளவுக்குக் கீழே போனால் அந்தப் பகுதி விவசாயிகளுக்கு இழப்பீடு. அந்தச் சராசரிக்கு முக்கிய அடிப்படை இந்தச் சதுரங்களின் எடை. எடை கூடிக் காட்டினால் உண்மையில் நட்டப்பட்டவருக்குப் பணம் வராமல் போகலாம். பாடத்தை இந்த இடத்தில் வைத்துப் படித்தால் அது ஒருநாளும் சலிக்காது.

சரி, அடுத்தது டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ், அதாவது பரிசோதனை வடிவமைப்பு. மாணவர்கள் பெரும்பாலும் லத்தீன் சதுரத்தின் அட்டவணையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடும் பேப்பர் இது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் இந்தப் பாடத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று சென்னையில் நடந்தது.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பதே உலகம் முழுக்க மருத்துவ நம்பிக்கை. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, செவிலியர் கவனிப்பு. சென்னையில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தச் சொல் பெயராகியிருக்கிறது. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் கிடையாது, கட்டவும் வழியில்லை. மாத்திரைகள் வந்துவிட்ட காலம் அது. வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? வீட்டில் இருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்றிவிடாதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின.

இதை எப்படி வடிவமைப்பீர்கள் என்று நானும் வகுப்பில் கேட்பதுண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் குணமானார்கள், வீட்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் குணமானார்கள் என்று பழைய பதிவேடுகளைப் பார்த்து ஒப்பிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்வோம். நோய் முற்றியவரை மருத்துவர் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். வசதி உள்ளவர் தானே போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே வேறு வேறு. பிறகு ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறையில் எப்படிச் சரிக்கட்டினாலும் அந்த வேறுபாட்டை முழுவதுமாகக் கழிக்க முடியாது, அளக்காமல் விட்டதைக் கழிக்க வழியே கிடையாது. சென்னையில் அவர்கள் யாரை எங்கே அனுப்புவது என்பதைச் சமவாய்ப்புக்கு விட்டார்கள். ஏழை வீடு, நெருக்கடியான குடும்பம், குறைந்த சாப்பாடு என்ற நிலையில் இருந்தவர்களும் வீட்டுப் பிரிவில் இருந்தார்கள். இரண்டு பிரிவுக்கும் அதே மருந்துகள், ஒரு வருடம்.

1959-இல் முடிவு வெளியானது. குணமானவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தும் அப்படி. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகின் பல நாடுகள் காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இருக்கிறது.

முதுநிலை வகுப்பில் இங்கிருந்து இன்னும் ஒரு படி போக வேண்டும். வேறுபாடு இல்லை என்ற இன்மை எடுகோளை நிராகரிக்க முடியவில்லை என்றால் இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. சின்ன ஆய்வு நடத்தினால் எந்த வேறுபாடும் கண்ணில் படாது, எல்லாமே சமமாகத்தான் தெரியும். வேறுபாட்டுக்கு நம்பிக்கை இடைவெளி போட்டு, அதன் மோசமான முனைகூட மருத்துவ ரீதியாகப் பொறுத்துக்கொள்ளக் கூடியதா என்று பார்க்க வேண்டும். எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கணக்கை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே போட்டுவைக்க வேண்டும். இளநிலையில் ஒரு வரியில் கடந்துபோன எடுகோள் சோதனை இங்கே ஒருவருடைய சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

இதற்குப் பக்கத்திலேயே செங்கல்பட்டு ஆய்வும் இருக்கிறது. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்குமா என்று 1968-இல் தொடங்கி ஏறக்குறைய 2.6 லட்சம் பேரை வைத்து நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. யாரும் எதிர்பார்க்காத விடை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்க்கு எதிராக அது உதவுவதால் இன்றும் பிறந்ததும் போடுகிறார்கள், அது தனிக் கதை. பிடிக்காத விடை வந்தாலும் அதைச் சொல்லும்படி ஆய்வு நடத்தப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி உங்கள் முதல் சந்தேகம். கணிதம் குறையாது. முதல் இரண்டு செமஸ்டரில் நிகழ்தகவு, பரவல்கள், அணிகள், இன்ஃபரன்ஸ் என்று கணிதப் புள்ளியியல் மாணவர்கள் படிக்கும் அதே பேப்பர்கள்தான் பெரும்பாலான இடங்களில் இருக்கும். பட்டத்தின் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சில இடங்களில் வெறும் புள்ளியியல் என்ற பெயரில் நல்ல களப்பயிற்சி கொடுப்பார்கள். சில இடங்களில் பயன்பாட்டுப் புள்ளியியல் என்று பெயர் வைத்துவிட்டு முழுக்கத் தேற்றங்களாகவே நடத்துவார்கள். பாடத்திட்டத்தை இறக்கிப் பேப்பர் பேப்பராகப் பாருங்கள்.

கணித மாணவர்களிடம் நான் பார்க்கும் குறை ஒன்று உண்டு. மெய்ப்பகுப்பாய்வில் தொடர்ச்சியை நிறுவச் சொன்னால் நிறுவுவார்கள். ஒரு இரட்டைத் தொகையீட்டின் எல்லைகளை மாற்றிப் போடச் சொன்னால் திணறுவார்கள். பரவல்கள் பேப்பரில் முக்கால்வாசி இடம் மாறிகளை மாற்றுவதும் ஜேக்கோபியன் போடுவதும்தான், கை பழகியிருக்க வேண்டும். அணிகளிலும் அப்படித்தான். ஐகன் மதிப்பு கண்டுபிடிப்பதோடு நிறுத்தாமல் இருபடி வடிவம், பாசிட்டிவ் டெஃபினிட் அணிகள், வீழ்ப்பு அணிகள் வரை போக வேண்டும். மீச்சிறு வர்க்க முறை என்று அலைடில் இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்திருப்பீர்கள். உண்மையில் அது ஒரு வெக்டாரை ஒரு தளத்தின் மேல் செங்குத்தாக இறக்குவது. இதைப் புரிந்துகொண்டால் ரிக்ரெஷனும் அனோவா என்ற மாறுபாட்டுப் பகுப்பாய்வும் ஒரே பாடமாகிவிடும். வர்க்கங்களின் கூடுதலைப் பிரிப்பது பித்தாகரஸ் தேற்றம், வரையின்மைப் படி (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) என்பது உள்வெளியின் பரிமாணம். இந்த இடத்தில் உங்கள் கணிதப் பின்னணி மற்றவர்களைவிட உங்களை வெகுதூரம் முன்னே கொண்டுபோகும்.

மல்டிவேரியட், காலத்தொடர், தரக் கட்டுப்பாடு, மக்கள்தொகையியல், ஆயுள் பகுப்பாய்வு (சர்வைவல் அனாலிசிஸ்) போன்றவை மூன்றாம், நான்காம் செமஸ்டரில் வரும். விருப்பப் பாடம் எடுக்க வாய்ப்பிருந்தால் ஆயுள் பகுப்பாய்வை எடுங்கள், மருத்துவத் துறைக்குப் போக அது கட்டாயம் வேண்டும். மற்றதெல்லாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பல்கலைக்கழகங்களில் பல இடங்களில் இன்னும் பிராக்டிகல் தேர்வு என்றால் கால்குலேட்டரும் அட்டவணைப் புத்தகமும்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு அனோவா அட்டவணையைக் கையால் ஒருமுறை முழுதாகப் போட்டவருக்கு எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது மறக்காது. ஆனால் அதோடு நிற்கக் கூடாது. முதல் செமஸ்டரிலிருந்தே ஆர் என்ற நிரல்மொழியைப் பழகுங்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு புள்ளியியல் ஆசிரியர்கள் உருவாக்கியது அது. இலவசம், பழைய கணினியிலும் ஓடும். பைத்தானை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். மருந்து நிறுவனங்களில் சாஸ் என்ற மென்பொருளைக் கேட்பார்கள், அதை வேலை தேடும்போது கற்றுக்கொண்டால் போதும்.

எந்தத் தரவை வைத்துப் பழகுவது? பாடப்புத்தகத்தில் இருக்கும் சுத்தமான எட்டு வரி அட்டவணை போதாது. இந்தியாவில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-இல் தொடங்கியது. அதன் குடும்ப அளவிலான தரவுகளை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தன் இணையதளத்தில் இலவசமாகவே கொடுக்கிறது. 2017-இல் தொடங்கிய தொழிலாளர் கணக்கெடுப்பும் அங்கே இருக்கிறது. ஒன்றை இறக்கித் தமிழ்நாட்டை மட்டும் பிரித்து எடுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மல்டிப்ளையர் என்று ஒரு எண் இருக்கும். அந்தக் குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று அது சொல்கிறது. அதைச் சேர்த்து ஒரு சராசரி, சேர்க்காமல் ஒரு சராசரி போட்டுப் பாருங்கள். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஸாம்ப்ளிங் பேப்பரில் எந்த அத்தியாயம் சொல்லிக்கொடுப்பதைவிடவும் அதிகம் அதில் கற்றுக்கொள்வீர்கள். தரவு கையேட்டைப் படிக்கவே சில நாட்கள் பிடிக்கும், விடுபட்ட மதிப்புகளும் புரியாத குறியீடுகளும் நிறைய இருக்கும். வேலைக்குப் போனாலும் இதேதான்.

டேட்டா சயின்ஸா இதுவா என்ற கேள்விக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சென்னைக் கணிதவியல் நிறுவனம் போன்ற இடங்களில் டேட்டா சயின்ஸ் முதுநிலை நன்றாகவே இருக்கிறது, அங்கே இடம் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் பல கல்லூரிகளில் அவசரமாகத் தொடங்கிய படிப்புகளில் புள்ளியியல் ஒரு செமஸ்டரோடு முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் மென்பொருள் கட்டளைகள். கட்டளைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஸாம்ப்ளிங்கும் வடிவமைப்பும் இல்லாத பாடத்திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அடுத்த மாதம் யார் கடனைக் கட்டத் தவறுவார் என்று கணிக்க ஒரு மாதிரியமைப்பு போதும். வட்டியைக் குறைத்தால் அவர் கட்டுவாரா என்று கேட்டால், அது சென்னை ஆய்வு போல வடிவமைக்க வேண்டிய கேள்வியாகிவிடும். இரண்டாவது வகைக் கேள்வியைக் கையாளத் தெரிந்தவருக்கு முதல் வகை சில மாதங்களில் வந்துவிடும். தலைகீழாக நடப்பதை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

எங்கே படிக்கலாம்? நாட்டில் முதலிடம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட். என்ற முதுநிலைப் படிப்பு. நாடாளுமன்றம் 1959-இல் இந்த நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்தது. சி.ஆர். ராவ் வளர்ந்த இடம். நுழைவுத் தேர்வு கடினம், கணித மாணவர்களும் எழுதலாம். இதே நிறுவனத்தின் சென்னை மையம் தரமணியில் இருக்கிறது, அங்கே புள்ளியியல் முறைகளுக்கான முதுநிலைப் பட்டயமும் உண்டு. ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாளை எழுத வேண்டும். மாநிலத்துக்குள் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார் ஆகியவற்றில் புள்ளியியல் துறைகள் இருக்கின்றன, பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. மருத்துவப் பக்கம் போக எண்ணம் இருந்தால் வேலூர் சி.எம்.சி.யின் உயிரிப் புள்ளியியல் துறையைப் பாருங்கள், மருத்துவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யும் பழக்கம் அங்கே முதல் நாளிலிருந்தே வந்துவிடும். இலங்கையிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குப் பேராதனையில் முதுநிலை அறிவியல் நிறுவனம் பயன்பாட்டுப் புள்ளியியல் என்ற பெயரிலேயே ஒரு படிப்பு நடத்துகிறது.

சேருவதற்கு முன் அந்தத் துறையில் படிக்கும் சீனியர் ஒருவரிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குத் தரவை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? வேறு துறைக்காரர்கள் உங்கள் ஆசிரியர்களிடம் ஆலோசனைக்கு வருகிறார்களா? கடையில் வாங்கிய புராஜெக்ட் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அந்த இடம் நல்ல இடம். வேளாண் மாணவர், செவிலியர், சமூகப்பணி ஆய்வாளர் என்று யாரோ ஒருவர் தரவோடு வந்து உட்காரும்போது, உங்களுக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும் என்று அவரிடம் கேட்கப் பழகுவதுதான் இந்தத் தொழில். பலர் எல்லாம் முடிந்த பிறகே வருவார்கள். 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஆர்.ஏ. ஃபிஷர் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பரிசோதனை முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதைப் போன்றது, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்றார். இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அதனால் உங்கள் வேலையில் பாதி, ஆய்வு தொடங்கும் முன்பே உங்களைக் கூப்பிட வைப்பதாக இருக்கும்.

வேலைக்கு வருவோம். மத்திய அரசில் இந்தியப் புள்ளியியல் பணி என்று தனியாக ஒன்று இருக்கிறது, யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஆங்கிலம், பொது அறிவு தவிர நான்கு தாள்கள் புள்ளியியல்தான், பிறகு நேர்முகம். வயது 21 முதல் 30 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இளநிலையில் புள்ளியியல், கணிதப் புள்ளியியல், பயன்பாட்டுப் புள்ளியியல் இவற்றில் ஒன்று பாடமாக இருக்க வேண்டும், அல்லது இவற்றில் ஒன்றில் முதுநிலைப் பட்டம் வேண்டும் என்பது தகுதி. கணிதத்தோடு அலைடாகப் படித்தது போதுமா என்று சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி வரக்கூடும். முதுநிலைப் பட்டம் கையில் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. பயன்பாட்டுப் புள்ளியியல் என்ற பெயர் விதியிலேயே இருப்பதையும் கவனியுங்கள். மாநிலத்தில் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வழியாக ஆள் எடுக்கிறார்கள். நான் மேலே சொன்ன பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் அருகிலேயே வேலை பார்க்கும் வாய்ப்பு அதில்தான்.

தனியார் பக்கம் மருந்துப் பரிசோதனை நிறுவனங்களில் உயிரிப் புள்ளியியலாளர், சாஸ் புரோகிராமர் வேலைகள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மூன்றிலும் இருக்கின்றன. வங்கிகளில் கடன் அபாயப் பிரிவு எடுக்கிறது. காப்பீட்டில் ஆக்சுவரி, அதாவது அபாயத்தைக் கணக்கிடும் நிபுணர் ஆக வேண்டுமானால் அதற்குத் தனித் தேர்வுகள் எழுத வேண்டும், எம்.எஸ்ஸி. படிக்கும்போதே முதல் தாள்களை முடித்தவர்கள் உண்டு. எல்லா இடத்திலும் நேர்முகத்தில் ஒன்றைக் கவனிக்கிறேன்: சூத்திரத்தைக் கேட்பது குறைவு, உங்கள் புராஜெக்ட்டில் இந்த ஸாம்பிளை ஏன் எடுத்தீர்கள், யார் விடுபட்டார்கள் என்று கேட்பது அதிகம். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் இதை விளக்கத் தயங்குவார்கள். புராஜெக்ட்டைப் பற்றி இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் நீங்களே எழுதிப் பழகினால் அந்தத் தயக்கம் போய்விடும். மனப்பாடம் உதவாது.

தேதிகளை மட்டும் மறக்க வேண்டாம். ஜாம் தேர்வு பிப்ரவரியில், அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். இந்த ஆண்டு அது தவறியிருந்தாலும் மாநிலப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை கோடையில்தான், அதற்கு நேரம் இருக்கிறது. கணிதப் பட்டதாரிகளை எல்லாத் துறைகளும் ஏற்பதில்லை, அலைடில் புள்ளியியல் படித்திருக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கு அது இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் அந்தப் பேப்பரின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.